மேசைக்கு வந்த மணி, அறைக்குப் போகாத மணி: அட்லாண்டா வைன்காஃப் ஹோட்டல் தீவிபத்து, 1946

1946 டிசம்பர் 7, சனிக்கிழமை அதிகாலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகரான அட்லாண்டாவில், பீச்ட்ரீ தெருவில் இருந்த பதினைந்து தள ஹோட்டல் ஒன்று தீப்பிடித்து 119 பேர் இறந்தார்கள். அந்நாட்டு ஹோட்டல் தீவிபத்துகளில் இன்றுவரை இதுவே மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது. இதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் படிக்கட்டைப் பற்றியும் ஏணிகளைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறார்கள். அவை முக்கியமானவைதான். ஆனால் இந்த ஆய்வு வேறொன்றைப் பின்தொடர்கிறது: தீ இருப்பது கீழே தெரிந்த பிறகு, தூங்கிக்கொண்டிருந்த முந்நூறு பேருக்கு அதைச் சொல்ல அந்தக் கட்டிடத்தில் என்ன வழி இருந்தது?

அன்றிரவு பணியில் இருந்தவர்களையும் விருந்தினர்களையும் பெயர் சொல்லாமல், அவர்களின் வேலையைக் கொண்டே குறிப்பிடுகிறேன். தளங்களின் எண்ணிக்கை அமெரிக்கக் கணக்கு. தரைத்தளமே அங்கே முதல் தளம்.

பின்னணி: கம்பி எதற்காகப் போடப்பட்டது

ஹோட்டல் அறையில் இருப்பவர் பணியாளரை அழைக்க, முதலில் இருந்தது இழுப்புக் கயிறு. சுவருக்குள் ஓடும் கம்பியை இழுத்தால் கீழே ஒரு மணி ஆடும். அறைக்கு ஒரு மணி வீதம் வரிசையாகத் தொங்கும். எது ஆடியது என்று ஓடிவந்து பார்ப்பதற்குள் ஆட்டம் நின்றுவிடும். 1829-இல் பாஸ்டனில் திறக்கப்பட்ட டிரெமான்ட் ஹவுஸ் போன்ற பெரிய ஹோட்டல்களில், எந்த அறை அழைத்தது என்பதை அலுவலகத்திலேயே காட்டும் அமைப்புகள் வந்தன.

மின்சாரம் வந்தபோது இந்த வேலை எளிதாயிற்று. அறைச் சுவரில் ஒரு பொத்தான். அதிலிருந்து மெல்லிய கம்பி. வரவேற்பு மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட மரப்பலகை. பொத்தானை அழுத்தினால் பலகையில் அந்த அறைக்குரிய மின்காந்தம் ஒரு கொக்கியை இழுக்கும். எண் எழுதிய சிறு தகடு விழும், அல்லது ஒரு முள் திரும்பி நிற்கும். கூடவே மணியும் அடிக்கும். ஆள் அனுப்பியதும் நெம்புகோலைத் தள்ளி எல்லாத் தகடுகளையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். ஒருமுறை அழுத்தினால் பையன் வருவான், இருமுறை அழுத்தினால் ஐஸ் தண்ணீர் வரும் என்று அறைக்குள் அட்டை தொங்கும். அந்தப் பையனுக்கு ‘பெல்பாய்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கெல்லாம் மின்சாரம் தந்தது கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசல் ஊற்றி, துத்தநாகக் கோலைத் தோய்த்து வைத்த லெக்லாஞ்சே மின்கலம். 1866-இல் வந்த இந்தக் கலத்திற்கு ஒரு குணம் உண்டு. விட்டுவிட்டு வேலை வாங்கினால் மாதக்கணக்கில் உழைக்கும். தொடர்ந்து மின்சாரம் எடுத்தால் சீக்கிரமே சோர்ந்துவிடும். ஆகவே அழைப்பு மணிச் சுற்றை எப்போதும் திறந்தே வைத்திருந்தார்கள்; பொத்தானை அழுத்தும் நொடியில் மட்டுமே அது மூடும். இதனால் வந்த பலவீனத்தை விருந்தினர் உணர வாய்ப்பில்லை. கம்பி எங்காவது அறுந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அழுத்திப் பார்த்து, யாரும் வராதபோதுதான் தெரியும்.

இதே காலத்தில் நகரத் தெருக்களில் வேறொரு மரபு வளர்ந்தது. பாஸ்டன் நகரம் 1852-இல் தீ எச்சரிக்கைத் தந்தியை இயக்கத் தொடங்கியது. தெருமுனைப் பெட்டியின் பிடியைச் சுற்றினால், பெட்டியின் எண் தந்தி வழியாக மைய நிலையத்துக்குப் போகும். நகரங்களில் பரவிய இத்தகைய தீத்தந்திகள் மூடிய சுற்றில் இயங்கின. அவற்றில் மின்சாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும்; கம்பி அறுந்தால், அறுந்த கணத்திலேயே நிலையத்தில் தெரிந்துவிடும். பிறகு வெப்பத்தை உணர்ந்து தானாகவே மணியடிக்கும் கருவிகளும் வந்தன. 1890-இல் எடிசனின் உதவியாளர் பிரான்சிஸ் ராபின்ஸ் அப்டன் இன்னொருவருடன் சேர்ந்து அப்படியொரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். காப்புரிமைத் தாளில் ‘தெர்மோஸ்டாட்’ என்பது ‘தார்மோஸ்டாட்’ என்று பிழையாக அச்சாகியிருப்பது தனிக்கதை.

ஹோட்டல் பலகைகளில் நடுவில் ஒரு நல்ல யோசனையும் புகுந்தது. மேசையிலிருந்து அறைக்குத் திரும்ப மணியடிக்கும் வசதி அது. காலையில் ரயிலுக்குப் போகிறவர்களை எழுப்ப இது உதவியது. இதையே சற்று நீட்டி, ஒரே நெம்புகோலில் எல்லா அறைகளிலும் மணி அடிக்கும்படி செய்து, தீ எச்சரிக்கை என்று விற்றார்கள். இந்த வழக்கில் என் கண்ணை விட்டு அகலாதது அந்த நெம்புகோல்தான். ஏனெனில் அறைதோறும் தொலைபேசி வந்ததும், அழைப்பு மணிப் பலகைகளுக்கு வேலை குறைந்து, அவை ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. தொலைபேசி இரு திசையிலும் பேசும், ஆகவே மேலானது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ஆபரேட்டர் கையால் இணைக்கும் பலகையில் ஒரு நேரத்தில் ஓர் அறையைத்தான் அழைக்க முடியும். மேலான கருவி வந்தபோது, எல்லோரையும் ஒரே கையசைவில் எழுப்பும் வசதி ஓசையில்லாமல் போய்விட்டது.

கட்டிடம்

வைன்காஃப் ஹோட்டல் 1913-இல் திறக்கப்பட்டது. எஃகுச் சட்டகம், செங்கல் சுவர். தீப்பிடிக்காத கட்டிடம் என்று விளம்பரம் செய்தார்கள். சட்டகத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. தீக்குப் பிறகும் கட்டிடம் நின்றது, இன்றும் நிற்கிறது. எரிந்ததெல்லாம் உள்ளே இருந்தவை. நடைபாதைச் சுவர்களில் சணல் துணி, அதற்கு மேல் சுவர்த்தாள் அடுக்குகள், தரையில் கம்பளம், மரக் கதவுகள்.

பதினைந்து தளங்களுக்கும் ஒரே ஒரு படிக்கட்டு. அதைப் புகையிலிருந்து பிரிக்கத் தீத்தடுப்புக் கதவுகள் இல்லை. வெளிப்புறத் தப்பும் படிகளும் இல்லை. இது சட்டமீறலும் அல்ல. 1911-ஆம் ஆண்டின் நகரக் கட்டிட விதி, 5,000 சதுர அடிக்குக் குறைவான மனையில் எழும் கட்டிடத்துக்கு ஒரு படிக்கட்டே போதும் என்றது. வைன்காஃப் நின்ற மனை ஏறக்குறைய 4,400 சதுர அடி.

ஒவ்வோர் அறைக் கதவுக்கு மேலேயும் நடைபாதைப் பக்கம் திறக்கும் மரச்சட்ட வென்டிலேட்டர் சன்னல் இருந்தது. குளிர்சாதனம் இல்லாத நாட்களில் காற்றோட்டத்துக்காக வைத்தது அது.

தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் இல்லை. தீ எச்சரிக்கை மணியும் இல்லை. இருந்தது தொலைபேசி இணைப்புப் பலகை மட்டுமே.

அன்றிரவு

ஹோட்டலில் 304 விருந்தினர்கள். அவர்களில் நாற்பது பேர் ஓர் இளைஞர் மாநாட்டுக்காக ஜார்ஜியாவின் பல ஊர்களிலிருந்து வந்திருந்த பள்ளி மாணவர்கள். ஹோட்டலைக் கட்டிய முதியவரும் அவர் மனைவியும் அங்கேயே குடியிருந்தார்கள்.

இரவில் விழித்திருந்தவர்கள் சிலரே: வரவேற்பு மேசையில் ஒருவர், லிஃப்ட் இயக்கும் பெண், பெல்பாய், கட்டிடத்தைச் சுற்றிப் பார்க்கும் பணியாளர். எச்சரிக்கைக் கருவி இல்லாத கட்டிடத்தில் இவர்கள் நால்வரின் கண்ணும் மூக்கும்தான் கருவி.

3.15 மணியையொட்டி, ஐந்தாம் தளத்து விருந்தினர் ஒருவரின் அழைப்பின் பேரில் பெல்பாய் மேலே போனார். சுற்றுப் பார்ப்பவரும் உடன் சென்றார். அறைக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கதவைத் திறந்தபோது நடைபாதை புகையால் நிறைந்திருந்தது. வெளியே வர முடியவில்லை. கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். நடமாடும் எச்சரிக்கைக் கருவிகளில் இரண்டு அத்துடன் செயலிழந்தன. விருந்தினர் அழைத்தால் உடனே போக வேண்டும் என்ற பழைய மணி ஒழுங்கை அவர்கள் சரியாகத்தான் கடைப்பிடித்தார்கள். அந்த ஒழுங்கே அவர்களை மேசையிலிருந்து துண்டித்துவிட்டது.

தீ தொடங்கியது மூன்றாம் தளத்து மேற்கு நடைபாதையில். அங்கே தற்காலிகமாக வைத்திருந்த ஒரு மெத்தையும் நாற்காலியும் எரிந்திருந்தன. சிகரெட்டா, யாரேனும் வைத்த தீயா என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. இந்த ஆய்வுக்கு அது தேவையும் இல்லை. நெருப்பு படிக்கட்டைப் புகைபோக்கியாக்கிக்கொண்டு மேலேறியது.

லிஃப்ட் இயக்கிய பெண்ணுக்குப் புகை வாடை அடித்தது. அவர் கீழே வந்து மேசையில் சொன்னார். மேசைப் பணியாளர் மேலே ஏறிப் பார்த்தார். தீயின் வெளிச்சம் தெரிந்தது. ஓடிவந்து தீயணைப்புத் துறையை அழைத்தார். அந்த அழைப்பு பதிவானது 3.42 மணிக்கு. அன்றிரவு ஹோட்டலிலிருந்து போன ஒரே அழைப்பு அதுதான்.

எடுக்கப்பட்ட முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, வாடை வந்ததும் போய்ப் பார்ப்பது. இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஹோட்டல் மேசையில் இரவுப் பணி பார்ப்பவருக்குச் சொல்லித் தரப்படும் முதல் பாடமே, விருந்தினரின் தூக்கத்தைக் கெடுக்காதே என்பது. புகை வாடைக்காகத் தீயணைப்பு வண்டி வந்து, அது யாரோ அணைக்காமல் போட்ட சுருட்டு என்று தெரிந்தால், மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். உறுதிப்படுத்திக்கொண்டு சொல்வது அந்த வேலையின் இயல்பு. நிமிடத்தைப் பொன்னாக எண்ண வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லி வைத்திருக்கவில்லை.

இரண்டாவது முடிவு, முதலில் தீயணைப்புத் துறை, பிறகு விருந்தினர்கள் என்ற வரிசை. இது சரியானதே. இரண்டு தீயணைப்பு நிலையங்கள் இரண்டு தெரு தள்ளியே இருந்தன. அழைத்த ஒரு நிமிடத்துக்குள் முதல் வண்டி வாசலில் நின்றது. அதற்குள்ளேயே சன்னல்களில் மக்கள் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். சிலர் குதிக்கவும் தொடங்கியிருந்தார்கள்.

மூன்றாவது முடிவு, அறைகளுக்குத் தொலைபேசியில் சொல்வது. வேறு கருவி இல்லாதவர் வேறென்ன செய்வார்? ஆனால் கணக்கைப் பாருங்கள். நூற்றைம்பது அறைகள் என்றே வைத்துக்கொள்வோம். இணைப்புக் கயிற்றைச் செருகி, மணியடித்து, தூக்கக் கலக்கத்தில் எடுப்பவரிடம் ஒரு வாக்கியம் சொல்லிக் கயிற்றைப் பிடுங்க அறைக்குப் பத்து நொடி. இது மிகத் தாராளமான கணக்கு. ஒருவர்கூட ‘என்ன, என்ன?’ என்று திரும்பக் கேட்கக் கூடாது. அப்படியும் 1,500 நொடி, அதாவது இருபத்தைந்து நிமிடம். யாரை முதலில் அழைப்பது என்பதையும் அவரே முடிவு செய்ய வேண்டும். தீக்கு நேர் மேலே இருப்பவர்களையா, தப்ப நேரம் இருக்கும் உச்சித் தளத்தாரையா? அந்தப் பலகையின் முன் உட்கார்ந்து ஒரு மனிதர் எடுக்கக் கூடிய முடிவே அல்ல அது.

விருந்தினர்கள் எடுத்த முடிவுகளும் பதிவுக்குரியவை. பலர் நடைபாதைக் கதவைத் திறந்தார்கள். கதவு மேல் சன்னலைத் திறந்து வைத்துத் தூங்கியவர்களின் அறைக்குள் தீயும் புகையும் தாமாகவே வந்தன. கதவையும் மேல் சன்னலையும் மூடி, மெத்தையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, ஈரத்துண்டால் இடுக்குகளை அடைத்து, தெருப்பக்கச் சன்னலில் தலையை நீட்டிக் காத்திருந்தவர்களில் பலர் பிழைத்தார்கள். ஐந்தாம் தளத்து அறையில் அடைபட்டவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான். பின்புறச் சந்துக்கு அப்பால் இருந்த கட்டிடத்துக்குப் பலகை போட்டுக் கடந்தவர்களும் உண்டு. படுக்கை விரிப்புகளை முடிந்து இறங்க முயன்றவர்கள் பலர் விழுந்தார்கள்.

தொடர்ந்தது

ஏணிகள் உயரத் தளங்களை எட்டவில்லை. விரித்துப் பிடித்த வலைகள் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தவர்களைத் தாங்கவில்லை. குதித்தும் விழுந்தும் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாநாட்டுக்கு வந்த நாற்பது மாணவர்களில் முப்பது பேர் திரும்பவில்லை. கட்டிடத்தைக் கட்டிய முதியவரும் மனைவியும் இறந்தார்கள். ஒரு பெண் கீழே விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு கல்லூரி மாணவர் எடுத்த புகைப்படத்துக்கு 1947-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. படத்தில் இருந்தவர் பிழைத்துக்கொண்டார்.

நெருப்பு மூன்றாம் தளத்திலிருந்து மேல்நோக்கிப் போயிற்று. வரவேற்பு மேசை அதற்குக் கீழே இருந்தது.

ஆறு மாதங்களுக்கு முன் சிகாகோவில் இதற்கு நேர்மாறான இடத்தில் தீப்பிடித்திருந்தது. 1946 ஜூன் 5, நள்ளிரவு கடந்த நேரம். இருபத்திரண்டு தளங்கள் கொண்ட லசால் ஹோட்டலின் கீழ்த்தள மதுக்கூடம். அங்கும் பணியாளர்கள் தாங்களே அணைக்க முயன்று, தீயணைப்புத் துறைக்குச் சொல்வதில் தாமதமாயிற்று. அங்கும் அறைகளை எழுப்பத் தொலைபேசிதான் இருந்தது. பணியில் இருந்த பெண் ஆபரேட்டர் பலகையை விட்டு எழாமல் அறை அறையாக அழைத்துக்கொண்டே இருந்து, அங்கேயே இறந்தார். மொத்தச் சாவு 61. அவரது துணிச்சலை எல்லோரும் போற்றினார்கள், போற்ற வேண்டியதுதான். ஆனால் ஒரு மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை, அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு நெம்புகோலால் செய்திருக்கக் கூடியது என்பதை அந்தப் புகழ்ச்சிக்கு நடுவில் எத்தனை பேர் யோசித்தார்கள்?

பிறகு மாறியவை

சிகாகோ நகர மன்றம் லசாலுக்குப் பிறகு ஹோட்டல்களில் தானியங்கி எச்சரிக்கை அமைப்பையும், அறைக்குள் தீப் பாதுகாப்புக் குறிப்பையும் கட்டாயமாக்கியது. ஆறே மாதத்தில் அட்லாண்டா நடந்ததைப் பார்த்தால், ஓர் ஊரின் பாடம் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நாளாகும் என்பது புரியும். 1947 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் தீத்தடுப்புக்கான தேசிய மாநாட்டைக் கூட்டினார். வைன்காஃப் கட்டிடம் 1951-இல் எச்சரிக்கை மணியும் தண்ணீர்த் தெளிப்பான்களும் பொருத்தி, வேறு பெயரில் மீண்டும் திறந்தது. 2007 முதல் எல்லிஸ் ஹோட்டல் என்ற பெயரில் நடக்கிறது.

மீண்டும் அதே இரவு வந்தால்

ஒரு பொது மணி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்களா? இல்லை என்றே நினைக்கிறேன். 3.42-க்கு முந்நூறு பேரையும் ஒரே நேரத்தில் எழுப்பும் மணி, அவர்களில் பலரைக் கதவைத் திறந்து அந்த ஒரே படிக்கட்டை நோக்கி ஓடச் செய்திருக்கும். அந்த நேரத்தில் படிக்கட்டு ஒரு புகைபோக்கி. திறந்த படிக்கட்டும் தாமதமான மணியும் சேர்ந்தால் மணியே ஆளைக் கொல்லும். எச்சரிக்கையின் மதிப்பு 3.15-க்கும் 3.42-க்கும் இடைப்பட்ட அந்த நிமிடங்களில் இருக்கிறது; அந்த நிமிடங்களில் விழித்திருந்தவர்களுக்கே தீ தெரியாது.

ஆகவே முதலில் வேண்டியது, நடைபாதையிலும் படிக்கட்டிலும் மனிதரின் மூக்கை நம்பாத உணர்கருவி. அது மூடிய சுற்றில் இருக்க வேண்டும். கம்பி அறுந்தால் மேசையில் தெரிய வேண்டும். பாஸ்டன் தெருப்பெட்டிகளின் மரபு இது, அழைப்பு மணியின் மரபு அல்ல. ஒவ்வொரு தளத்திலும் கையால் இயக்கும் பெட்டி ஒன்று இருக்க வேண்டும். புகை வாடை உணர்ந்தவர் கீழே இறங்கி வந்து ஒருவரிடம் சொல்லி, அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வரும் சங்கிலி அப்போதுதான் அறும். சுற்றுப் பார்ப்பவரும் பெல்பாயும் ஒரே அறைக்குள் ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது என்பதும் ஒரு விதியாக வேண்டும். அற்பமாகத் தோன்றும், ஆனால் அன்றிரவு கண்காணிப்பில் பாதி அந்த ஓர் அறைக்குள் முடங்கியது.

மணியை அடிக்கும் அதிகாரம் இரவுப் பணியாளரிடமே இருக்க வேண்டும். பொய் எச்சரிக்கையாகிவிட்டால் அவர் வேலைக்கு ஆபத்தில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். இது கருவியைவிடக் கடினமான மாற்றம். ஹோட்டல்காரர்கள் பொய் மணிக்கு அஞ்சுவதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மாதத்துக்கு இரண்டு முறை காரணமில்லாமல் அடிக்கும் மணியை மூன்றாம் முறை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த அச்சத்துக்கு மருந்து நல்ல கருவியும் தவறாத பராமரிப்பும்தான்; மணியே வேண்டாம் என்பதல்ல.

கடைசியாக, அறைக் கதவின் உட்புறத் தாள். ஒருமுறை அழுத்தினால் பையன், இருமுறை அழுத்தினால் ஐஸ் தண்ணீர் என்று எழுதிய அட்டை தொங்கிய அதே இடத்தில், மணி அடித்தால் கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்கவும், சூடாக இருந்தாலோ புகை தெரிந்தாலோ கதவையும் மேல் சன்னலையும் மூடிக்கொண்டு தெருப்பக்கச் சன்னலுக்கு வரவும் என்று எழுதியிருக்க வேண்டும்.